ஒரு மூடியில் இரண்டு நிறம்

என் பட்டறைச் சுவரில், காற்றடிக்கிற கொம்பிறசருக்கு மேலே ஓர் ஆணியில், பால்மா ரின்னின் மூடி ஒன்று தொங்குகிறது. மூடியின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் சாம்பல் கலந்த பச்சை, வலப்புறம் சாம்பல் கலந்த நீலம். இரண்டும் என் கையால் கலந்தவை. பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ பெயின்ற் கம்பனி கொடுத்த மாதிரித் தகடு என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், இரண்டும் ஒரே நிறம்தானே என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களுடைய வண்டிக்கு எந்த நிறம் அடித்தாலும் ஒன்றுதான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

முப்பது வருடமாக அச்சுவேலியில் வாகனங்களுக்கு நிறம் அடிக்கிறேன். கண்ணால் பார்த்தே நிறம் கலப்பதில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. இப்போது வருகிற இளவட்டங்கள் போனில் படம் அனுப்பி, "இந்த நிறம்தான் அண்ணை வேணும்" என்கிறார்கள். போனில் தெரிகிற நிறத்தைப் போனுக்குத்தான் அடிக்கலாம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று பதில் போடுவேன். இந்தத் தலைக்கனம் எனக்குச் சோறு போட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை அது ஒரு புருஷன் பெண்சாதியின் சந்தோஷத்தில் மண்ணைப் போடப் பார்த்தது. அந்தத் தடவையும் என் கண் பிழைவிடவில்லை, வாய்தான் முந்திவிட்டது. மூடி தொங்குவது அதை மறக்காமல் இருக்கத்தான்.

அவர்களை ஊரில் எல்லோரும் ஓவசியர், ரீச்சர் என்றுதான் சொல்வார்கள். அவர் வீதித் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர், கொடிகாமத்து மனிதர். அவர் பெண்சாதி எங்கள் ஊர், விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். பிள்ளைகள் வெளியூரில். இளைப்பாறிய பிறகு மற்றவர்கள் கோயில் குளம் என்று திரிய, இவர்கள் இருவரும் பழைய கார்களைத் தேடித் திரிந்தார்கள். கோழிக்கூடாகவும் விறகுக் கொட்டிலாகவும் மாறிப்போயிருந்த ஏ ஃபோட்டி மொடல் கார்களை வாங்கிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலில் வைத்து, ஆணி ஆணியாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்பவும் பூட்டி ஓட வைப்பார்கள். வேலைக்கு ஆள் பிடிப்பதில்லை. நிறம் அடிக்க மட்டும் நான். அதற்கும், ஓவசியர் முதல் தடவை தானே அடித்துப் பார்த்து, கொட்டிலோடு சேர்த்துப் பக்கத்து வேலியும் வெள்ளையான பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் வேலை செய்த முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கார் கொட்டிலுக்குள் வந்ததும் முதல் வேலை, பொனெற்றின் மூக்கிலிருந்து பின்பக்கப் பூட்டு வரைக்கும் ஒரு வெள்ளை நூல் கட்டுவது. நூலுக்கு இடப்பக்கம் ரீச்சருடையது, வலப்பக்கம் ஓவசியருடையது. இரண்டு கதவு அவருக்கு, இரண்டு கதவு இவருக்கு. சில்லும் அப்படியே. எஞ்சின் மட்டும் பொது. அதை ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறிப் பார்ப்பார்கள். ரீச்சரின் பக்கத்தில் ஒவ்வொரு நட்டும் தனித்தனி மருந்துப் போத்தலில், ஒட்டிய துண்டில் பெயரோடு இருக்கும். ஓவசியரின் பக்கத்தில் எல்லாம் ஒரே சருவச்சட்டிக்குள் கிடக்கும். ஆனாலும் எது எங்கே போகவேண்டும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் இருவரும் நூலைக் கடந்து மற்றவரின் பக்கத்தை ரோச் லைற் அடித்துப் பார்ப்பார்கள். பிழை கண்ட இடத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம். ரீச்சர் போடும் வட்டங்கள் கொப்பி திருத்துவது போலச் சின்னதாகவும் தாராளமாகவும் இருக்கும். ஓவசியர் மாதத்தில் ஒன்று போடுவார். அந்த ஒன்றுக்கு ரீச்சர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார்.

இப்படி இரண்டு கார் முடித்தார்கள். இரண்டும் நான் நிறம் அடித்தவை, இரண்டும் இன்றைக்கும் கல்யாண ஊர்வலங்களில் ஓடுகின்றன. மூன்றாவதாக வந்த கார்தான் இந்தக் கதைக்குரியது.

அது ரீச்சரின் தகப்பன் வாடகைக்கு ஓடிய கார். யுத்த இடம்பெயர்வுகளுக்கெல்லாம் முன்பே கைமாறிப் போய், எத்தனையோ பேரின் முற்றத்தில் நின்று, கடைசியில் அச்சுவேலிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வெங்காயம் காயவைக்கிற தட்டாக நின்றது. ரீச்சர் அதன் பழைய நம்பர்த் தகட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அந்தக் காரில்தான் ஓவசியர் மாப்பிள்ளையாக வந்தார். தாலி கட்டியபின் இருவரும் அதில்தான் அச்சுவேலியிலிருந்து புத்தூர், மீசாலை வழியாகக் கொடிகாமத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போனார்கள். ஆவணி வந்தால் ஐம்பது வருடம். அந்த நாளில், அதே காரில், அதே வீதியால், அதே பக்கங்களில் இருந்து இன்னொரு தடவை போவது என்று தீர்மானித்திருந்தார்கள்.

இதை எனக்குச் சொன்ன அன்று ரீச்சர் இன்னொன்றையும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

"ஐயா என்னை அனுப்பேக்கை என்ரை பக்கம் வரேல்லை, தம்பி. அம்மா, மாமி, ஊர்ச்சனம் எல்லாம் வந்து கட்டிப்பிடிச்சு அழுதினம். அவர் காருக்கு அங்காலை, மற்றப் பக்கத்திலை நிண்டு கதவைத் தடவிக்கொண்டு நிண்டவர். கார் வெளிக்கிடுமட்டும் இஞ்சாலை வரேல்லை. என்னைவிட அவர் வடிவாப் பாத்த சாமான் என்னெண்டு நானும் ஒருக்காப் பாப்பம் எண்டுதான் இதைத் தேடினனான்."

தகப்பன் செத்தே நாற்பது வருடம். செத்த மனிதரோடு இன்னும் கோபமாக இருக்கிற ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

சண்டை நிறத்தில் வந்தது. கார் வந்து சேர்ந்தபோது மண்ணிறம். அதற்கு முன்னால் வெள்ளையாக இருந்ததாகத் தோட்டக்காரர் சொன்னார். பதிவுப் புத்தகத்தில் கறுப்பு என்று இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு ஓவசியர் வேலை பார்த்த முல்லைத்தீவுக்கு இருவரும் போய்விட்டார்கள். அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது தகப்பன் காரைக் கறுப்பாக்கியிருந்தார். கல்யாணத்தன்று என்ன நிறம் என்பதுதான் கேள்வி. ரீச்சர் பச்சை என்றார். ஓவசியர் நீலம் என்றார். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அவையும் இடப்பெயர்வில் போய்விட்டன.

"நீர் அண்டைக்கு நிலத்தைப் பாத்துக்கொண்டு வந்த ஆள். உமக்கு என்னெண்டு தெரியும்?" என்பார் ஓவசியர்.

"உங்கடை கண்ணிலை புரை. உங்களுக்கு வானமும் வயலும் ஒண்டுதான்" என்பார் ரீச்சர்.

"கலியாணத்தண்டு எனக்குப் புரை இல்லை."

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு பிள்ளைகள் போனில் எடுக்கும்போது அவர்களிடமும் நியாயம் கேட்கத் தொடங்கினார்கள். அன்றைக்குப் பிறந்தே இராத பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? வைகாசியில் ஒருநாள், தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனேன். உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாகவே போனேன். ஆட்கள் பொய் சொல்லலாம், புத்தகம் பிழையாகலாம், இரும்பில் ஒட்டிய பெயின்ற் பொய் சொல்லாது என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். இடப்பக்க முன்கதவில் சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் தோய்த்து ஒரு சதக் குத்தி நாணயத்தின் அளவுக்குத் தேய்த்தேன். மண்ணிறம் போனது, வெள்ளை போனது, கறுப்பு போனது. அதற்குக் கீழே சாம்பல் கலந்த பச்சை. அதற்குக் கீழே வெறும் இரும்பு.

"ரீச்சர் சொன்னதுதான் சரி" என்றேன். "பச்சை. இதிலை ரெண்டாம் கதைக்கு இடமில்லை."

ஓவசியர் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தன் கையிலிருந்த சாண்ட்பேப்பரை நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். "சரி" என்றார். போய்விட்டார். அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் அதற்குப் பிறகு கொட்டிலுக்கு வரவில்லை. சண்டை பிடித்து வராமல் விட்டிருந்தால் யாராவது சமாதானம் செய்திருக்கலாம். அவர் சண்டையே பிடிக்கவில்லை. வீட்டுக்குள் இருவரும் வழக்கம் போலத்தான் இருந்தார்கள். அரிசி முடிந்ததைக் கதைத்தார்கள், பிரஷர்க் குளிசை போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டார்கள், ஒன்றாகவே சந்தைக்குப் போய்வந்தார்கள். கார் என்ற சொல் மட்டும் வீட்டில் இல்லாமல் போயிற்று. அவர் விறாந்தையில் இருந்து பேப்பர் வாசிப்பார். புரை விழுந்த கண்ணோடு, ஒரே பக்கத்தை மத்தியானம் வரைக்கும் வாசிப்பார்.

ரீச்சர் தனியே வேலை செய்தார். ஆனால் நூலைத் தாண்டவில்லை. நான் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் எட்டிப் பார்ப்பேன். இடப்பக்கம் துருக் கறள் ஒரு பொட்டும் இல்லாமல் கண்ணாடியாக வந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்தில் ஓவசியர் விட்டுப்போன இடத்தில் அப்படியே கறள், தேய்த்த இடங்களில் புதுக் கறள். கொட்டிலின் நிலத்தைக்கூட ரீச்சர் பாதிதான் கூட்டியிருந்தார். "மற்றப் பக்கத்தையும் நீங்களே செய்யுங்கோவன், இல்லாட்டி நான் ஆள் விடுறன்" என்றேன். "அது அவரின்ரை பக்கம்" என்றார். ஆனி போய் ஆடி வந்தது. ஆவணிக்குக் கார் ஓடவேண்டும் என்றால் நிறம் அடித்துக் காயவே இரண்டு கிழமை வேண்டும். பாதிக் காருக்கு நிறம் அடிக்க முடியாது. எனக்கு அப்போதும் என் பிழை தெரியவில்லை. ஓவசியருக்கு ரோசம் கூடிப்போயிற்று என்றே நினைத்தேன். தோற்றால் தோற்றது என்று வரவேண்டியதுதானே என்று அவர்மேல் கோபம் கூட வந்தது.

ஆடி நடுவில் ஒருநாள் ஓவசியருக்குக் கண் கிளினிக். ரீச்சரும் கூடப் போனார். கொட்டில் பூட்டின் திறப்பை முதல்நாளே நான் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். வலப்பக்கத்தை நானே தேய்த்து, அவர்கள் வருவதற்குள் முழுக் காருக்கும் அடிப்பூச்சான பிறைமரை அடித்துவிட்டால், பிறகு யார் என்ன சொல்வது என்பது என் திட்டம். சாம்பல் நிறப் பிறைமர் ஏறினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், அவர்களும் சமாதானமாகிவிடுவார்கள்.

வலப்பக்கப் பின்கதவில் தொடங்கினேன். மண்ணிறம், வெள்ளை, கறுப்பு. பிறகு நீலம்.

கையை எடுத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தேன். நீலம்தான். முன்கதவில் தேய்த்தேன், நீலம். மட்காட்டில் தேய்த்தேன், நீலம். நீலத்துக்குக் கீழே பின்கதவில் மொத்தமாகப் புட்டி அப்பியிருந்தது. நெளிந்த தகரத்தை நிரப்பி மட்டமாக்கப் பூசுகிற பசை அது. அதைச் சுரண்டினால், அடியில், ரீச்சரின் பக்கத்திலிருந்த அதே பச்சை.

வாடகைக் கார் ஒன்று எத்தனை இடத்தில் அடிபட்டு எத்தனை தடவை ஒட்டுப்போட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கதவைப் பார்த்து மறு கதவுக்குச் சாட்சி சொல்லக்கூடாது என்று என்னிடம் வேலை பழகியவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஒரு பக்கத்தில் ஒரு சதக் குத்தி அளவு தேய்த்துவிட்டு, இரண்டாம் கதைக்கு இடமில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரிடம்? பக்கம் பக்கமாகப் பிரித்து வேலை செய்கிற மனிதரிடம். அவருடைய பக்கத்தை நான் திரும்பியும் பார்க்கவில்லை என்பதைத்தான் அவர் அன்று பார்த்திருக்கிறார்.

பிறைமர் கலந்து ஆயத்தமாக இருந்தது. அடித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அடிக்கலாமா என்று நான் யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். ஒரு சிகரெட் முடியும் வரைக்கும் யோசித்தேன். பிறகு பிறைமர் ரின்னை மூடிவைத்துவிட்டு, வாசல் படலையடியில் போய் நின்றேன்.

மத்தியானம் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். "ஓவசியர், ஒருக்காக் கொட்டிலுக்கு வாங்கோ" என்றேன்.

"கண்ணிலை புரை உள்ளவனை ஏன் கூப்பிடுறீர்? ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போம்."

"நான்தான் குருடன். வாங்கோ."

வந்தார். கதவுக்கு முன்னால் குந்தியிருந்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். கையால் தடவினார். என்னை இரண்டு வார்த்தை ஏசுவார், நான் வாங்கிக்கொள்வேன் என்று நின்றேன். அவர் ஏசவில்லை. ஏளனமாகச் சிரிக்கவுமில்லை. வாசலில் நின்ற ரீச்சரைத் திரும்பிப் பார்த்து, "இஞ்சரும், என்ரை பக்கம் ஒருக்கா வாரும்" என்றார்.

ரீச்சர் நூலைச் சுற்றிக்கொண்டு வந்தார். நீலத்தைப் பார்த்தார். விஞ்ஞான ரீச்சர் அல்லவா, நீலத்தோடு நிற்கவில்லை. புட்டியைப் பார்த்தார், அதற்குக் கீழே நெளிந்திருந்த தகரத்தைப் பார்த்தார், அதிலிருந்த பச்சையைப் பார்த்தார். "இது அடிபட்டிருக்கு" என்றார். "இது எப்ப?"

கனடாவில் இருக்கிற தமையனுக்கு அங்கேயே நின்று போன் எடுத்தார். கல்யாணத்தன்று கார் ஓட்டியவர் அந்தத் தமையன்தான். அங்கே இன்னும் விடியவில்லை. காரைப் பற்றிக் கேட்டதும் நித்திரைக் குரலில் ஸ்பீக்கரில் கதைத்தார்.

"அதை இப்ப ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

"சொல்லுங்கோ அண்ணை. காரிலை வலப்பக்கம் எப்ப அடிபட்டது?"

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"உன்ரை கலியாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னம். புத்தூர்ச் சந்திக்கு இஞ்சாலை மாட்டு வண்டிலோடை இடிச்சுப்போட்டார் ஐயா. கலியாணக் கார் அடிபட்டது எண்டு தெரிஞ்சா அபசகுனம் எண்டு சனம் கதைக்கும், மாப்பிளை பகுதி என்ன சொல்லுமோ எண்டு மனிசன் நடுங்கிப்போனார். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர். அந்தப் பச்சை கிடைக்கேல்லை. கிடைச்ச நீலத்தை அந்தப் பக்கம் முழுக்க அடிச்சது. பொனெற்றைப் பூவாலை மூடினது."

ஒரு நேரத்தில் ஒரு மனிதர் காரின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கலாம் என்பதை நம்பி ஒரு தகப்பன் மகளின் கல்யாணத்தை நடத்தியிருக்கிறார். ஐம்பது வருடம் அது பிடிபடவும் இல்லை. நான் அப்படி நினைத்துக்கொண்டு நிற்க, தமையன் தொடர்ந்தார்.

"பெயின்ற் காயக்கூட இல்லை, பிள்ளை. அண்டைக்கு நல்ல புழுக்கம். ஆரும் சாஞ்சா சேலையிலை ஒட்டிப்போடும், எல்லாம் தெரிஞ்சுபோடும் எண்டு நாள் முழுக்க அந்தக் கதவடியிலையே நிண்டவர். சாப்பிடவும் போகேல்லை. உன்னை அனுப்பேக்கை, நான் கையைக் காட்டினனான், போங்கோ போய்ப் பிள்ளையைப் பாருங்கோ எண்டு. தலையை ஆட்டிப்போட்டு நிண்டவர். நான் உங்களைக் கொடிகாமத்திலை விட்டுட்டு வர, மனிசன் கொட்டிலுக்கை இருந்து அழுதுகொண்டிருந்தார்."

ரீச்சர் போனை மேசையில் வைத்தார். தன் பக்கத்தில் கிடந்த பள்ளிக்கூடக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, நூலுக்கு இந்தப் பக்கம் போட்டு, அந்தக் கதவுக்கு முன்னால் இருந்தார். உள்ளங்கையை நீலத்தின் மேல் வைத்தார்.

"அவர் காரைத் தடவேல்லை" என்றார். "அவர் தடவேல்லை, பாருங்கோ."

பிறகு அழுதார். அடக்காமல் அழுதார். எழுபதைத் தாண்டிய ஒருவர் தகப்பனுக்காக அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் வெளியே போய், கழுவத் தேவையில்லாத கையைக் கிணற்றடியில் நெடுநேரம் கழுவினேன்.

திரும்பி வரும்போது ஓவசியர் அவருக்குப் பக்கத்தில் சருவச்சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். "ஒரு கதை சொல்லட்டே?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார். "அண்டைக்குக் கார்க் கதவை எனக்கு மாமா, இவவின்ரை ஐயாதான் திறந்துவிட்டவர். ஏறேக்கை என்ரை பட்டு வேட்டிக் கரையிலை நீலம் ஒட்டிப்போட்டுது. அம்மா ரெண்டு நாள் தோய்ச்சும் போகேல்லை. அதுதான் நீலம் எண்டு எனக்கு அவ்வளவு நிச்சயம்."

"உதை நீங்கள் ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது. இரண்டு மாதம் விறாந்தையில் இருந்து பேப்பர் வாசித்த மனிதர், பொக்கற்றுக்குள் சாட்சியை வைத்துக்கொண்டா வாசித்தார்?

"சொன்னா, உங்கடை வீட்டுக் கார் என்ரை வேட்டியைப் பழுதாக்கினது எண்டு ஐம்பது வருசத்துக்குப் பிறகு குறை சொன்ன மாதிரி இருக்கும்" என்றார். "அவவுக்கு ஏற்கெனவே ஐயாவோடை மனத்தாங்கல். நானும் சேர்ந்து என்னத்துக்கு?"

அடுத்தநாள் காலையில் ஓவசியர் பொக்கற்றிலிருந்த அந்தச் சாண்ட்பேப்பரையே விரித்து வேலையைத் தொடங்கினார். பன்னிரண்டு நாளில் தன் பக்கத்தை முடித்தார். சனிக்கிழமை ரீச்சர் ரோச் லைற்றோடு வந்து ஒன்பது வட்டம் போட்டார். அந்த வட்டங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு புதுச் சண்டை. ரீச்சர் முழுக் காரையும் நீலமாக அடிக்கச் சொன்னார். ஐயா கடைசியாக அடித்த நிறம் அது, அதுதான் வேண்டும் என்றார். ஓவசியர் பச்சைதான் என்று நின்றார். காரின் பிறவி நிறம் அது, ரீச்சர் முதலிலேயே சொன்னது என்றார். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, முன்பைவிட மோசமாகச் சண்டை பிடித்தார்கள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் ஒரு பால்மா ரின் மூடியை எடுத்து, நடுவில் கோடு கீறி, இரண்டு நிறத்தையும் கலந்து பூசிக்கொண்டு போய் அவர்களுக்கு முன்னால் வைத்தேன்.

"நூலுக்கு அங்காலை ஒண்டு, இஞ்சாலை ஒண்டு. இதுக்கு மேலை என்னாலை ஏலாது. விருப்பமெண்டாச் சொல்லுங்கோ, இல்லாட்டி வேறை ஆளைப் பிடியுங்கோ."

இருவரும் மூடியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரீச்சர்தான் முதலில் சிரித்தார்.

பொனெற்றின் நடுவில் மூக்கிலிருந்து மேலேறும் வெள்ளிப் பட்டி ஒன்று அந்த மொடலுக்கு உண்டு. அதை எல்லையாக வைத்து அடித்தேன். பழைய கார்களில் பித்துள்ள ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, நல்ல வண்டியைப் பழுதாக்கிப்போட்டீர்கள் என்றார். என் தொழிலுக்கு அது கெட்ட பெயர்தான். ஆனால் நான் அடித்த வண்டிகளில் என் பெயரைக் கேட்டு ஆட்கள் வருவது அந்த ஒன்றைப் பார்த்துத்தான். ஆவணியில் அவர்கள் கொடிகாமத்துக்குப் போனார்கள். ஓவசியர் வலப்பக்கம் ஸ்ரியறிங்கில், ரீச்சர் இடப்பக்கம். பின்சீற்றில் நான், எங்காவது பெயின்ற் உதிர்ந்தால் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. மீசாலைச் சந்தியில் வீதியின் ஒரு கரையில் நின்றவர்கள் நீலக் கார் என்றும் மறுகரையில் நின்றவர்கள் பச்சைக் கார் என்றும் சொல்லியிருப்பார்கள். இரு பகுதியும் பின்னேரம் சந்தைக்குள் சந்தித்துச் சண்டை பிடித்ததா என்று தெரியவில்லை.

அதெல்லாம் நடந்து இப்போது இரண்டு வருடமாகிறது. போன கிழமை அந்தக் கார் என் பட்டறைக்கு வந்தது. ஸ்ரியறிங்கில் ரீச்சர். ஓவசியருக்கு ஒரு கண் ஒப்பரேஷன் நன்றாக வந்தது, மற்றது சரிவரவில்லை. இனிக் கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் கார் கொட்டிலுக்குள் நின்றிருக்கிறது. பிறகு ரீச்சர் ஒருவரிடமும் கேட்காமல் போய் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கீரிமலைக்குப் போய்வந்த அன்று, தன் வீட்டுப் படலைத் தூணில் வலப்பக்கக் கதவை ஒரு சாண் நீளத்துக்கு உரசியிருந்தார்.

"எங்கடை படலை ஒடுக்கம்" என்றார் என்னிடம்.

"ஐம்பது வருசமா அதே படலைதான்" என்றது இடப்பக்கச் சீற்றில் இருந்த குரல்.

"நீங்கள் இப்ப பச்சைப் பக்கம். நீலத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

ஓவசியர் உடனே வாயை மூடிக்கொண்டார். சட்டம் சட்டம்தான்.

ஆணியிலிருந்து மூடியைக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்து நீலத்தைக் கலந்தேன். இந்தத் தடவை நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன். அடித்து முடித்து, "ஒரு மணித்தியாலம் காயோணும் ரீச்சர், உள்ளை வந்து இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். பட்டறையில் அந்த நேரம் நல்ல சனம். ஓட்டோக்காரர் இருவர், முட்டிய மோட்டார் சைக்கிளோடு ஒருவர், தேத்தண்ணீர் கொண்டுவந்த கடைக்காரர் என்று போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

ரீச்சர் வரவில்லை. வலப்பக்கக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவில் முட்டாமல், கதவை விட்டு விலகாமல் நின்றார். கிட்ட வந்த ஓட்டோக்காரரைக் கையால் மறித்து, சுற்றிப் போகச் சொன்னார். ஓவசியர் உள்ளேயிருந்து, "இஞ்சரும், கால் நோகப்போகுது. இஞ்சாலை வந்து இருமன்" என்றார்.

"ஈரம் காயட்டும்" என்றார் ரீச்சர். "பேந்து வாறன்."

அவர் எதை நினைத்துக்கொண்டு நின்றார் என்று நான் கேட்கவில்லை. கதிரையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மூடியில் நீலம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மிஞ்சியதில் ஒரு பூச்சுப் பூசி, ஈரம் சுவரில் படாதபடி பார்த்து, ஆணியில் மாட்டினேன்.